காற்று, மழை, புயல்: ட்யூஷன் பிள்ளைகள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள்

காசிமேட்டில் எங்கள் வீட்டு மாடியில் மாலை நேர ட்யூஷன் எடுக்கிறேன். ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை படிக்கிற பிள்ளைகள் வருகிறார்கள். பாதிப் பேருடைய அப்பாக்கள் கடலுக்குப் போகிறவர்கள். வானிலைப் பாடம் வந்துவிட்டால் போதும், புத்தகத்தை மூடிவிட்டுக் கேள்விகள் ஆரம்பமாகும். வருஷம் மாறினாலும் கேள்விகள் மாறுவதில்லை. அவற்றை ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தேன். கேள்விகளை அவர்கள் கேட்ட விதத்திலேயே கொடுத்திருக்கிறேன்.

அக்கா, வானிலை, காலநிலை ரெண்டும் ஒண்ணுதானே?

இல்லை. இன்று மாலை தண்டையார்பேட்டையில் மழை வருமா என்பது வானிலை. நவம்பர் மாதம் என்றால் சென்னையில் மழை இருக்கும் என்று நாம் சொல்வது காலநிலை. ஒன்று இன்றைக்கும் நாளைக்கும் உரியது. மற்றொன்று பல வருஷக் கணக்கின் சராசரி, பொதுவாக 30 வருஷக் கணக்கு.

காத்துக்கு எடை இருக்கா? இருந்தா நாம ஏன் நசுங்கிப் போகல?

இருக்கிறது. ஒரு கன மீட்டர் காற்று சுமார் 1.2 கிலோ. நாம் உட்கார்ந்து படிக்கிற இந்த அறை 4 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரம். கணக்குப் போட்டால் உள்ளே இருக்கும் காற்று 43 கிலோ, ஒன்பதாவது படிக்கிற ஒரு பிள்ளையின் எடை! இதைச் சொன்னதும் எல்லோரும் மேலே கூரையைப் பார்ப்பார்கள்.

நம் தலைக்கு மேல் வளிமண்டலம் முழுவதும் நிற்கிறது. கடல் மட்டத்தில் ஒரு சதுர சென்டிமீட்டர் மேல் ஏறக்குறைய ஒரு கிலோ எடை அழுத்துகிறது. இதுதான் காற்றழுத்தம். நாம் நசுங்காததற்குக் காரணம், உடம்புக்குள் இருக்கும் காற்றும் நீரும் அதே அளவு வெளிப்பக்கமாக அழுத்துவதுதான். வானிலை அறிக்கையில் இந்த அழுத்தத்தை ஹெக்டோபாஸ்கல் என்ற அலகில் சொல்வார்கள். கடல் மட்டத்தில் சராசரி 1013. இந்த எண்ணை மனதில் வையுங்கள், புயல் கேள்வியில் திரும்ப வரும்.

ஐஸ் தண்ணி ஊத்துன சொம்புக்கு வெளியில எப்படித் தண்ணி வருது? சொம்பு ஒழுகுதா?

நான் எடுக்கிற பாடத்திலேயே முக்கியமான கேள்வி இது. இது புரிந்தால் மேகம், மழை, பனி, புழுக்கம் எல்லாம் புரியும்.

சொம்பு ஒழுகவில்லை. அந்தத் தண்ணீர் அறைக் காற்றிலிருந்து வந்தது. காற்றில் எப்போதும் கண்ணுக்குத் தெரியாத நீராவி கலந்திருக்கும். காற்று எவ்வளவு சூடாக இருக்கிறதோ அவ்வளவு நீராவி அதில் இருக்க முடியும். 30 டிகிரியில் ஒரு கன மீட்டர் இடத்தில் சுமார் 30 கிராம் வரை இருக்கலாம். 20 டிகிரிக்கு இறங்கினால் 17 கிராம்தான். மீதி? துளியாகிவிடும். சொம்பை ஒட்டிய காற்று குளிர்ந்தது, மிச்ச ஈரத்தைச் சொம்பின் மேலேயே விட்டுவிட்டது.

சந்தேகம் இருந்தால் சொம்புத் தண்ணீரில் கொஞ்சம் ரஸ்னா கலந்து பாருங்கள். வெளியே வழிகிற துளியைத் தொட்டு நக்கினால் இனிக்காது. போன வருஷம் ஒரு ஏழாம் வகுப்புப் பையன் மூன்று தடவை நக்கிப் பார்த்துவிட்டுத்தான் ஒப்புக்கொண்டான். விஞ்ஞானத்தில் அப்படித்தான் ஒப்புக்கொள்ள வேண்டும்.

மேல போகப் போக சூரியன் கிட்ட வருதுல்ல? அப்புறம் ஊட்டி ஏன் குளிருது?

சூரியன் 15 கோடி கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது. ஊட்டி சுமார் 2.2 கிலோமீட்டர் உயரம். அந்த இரண்டு கிலோமீட்டரால் சூரியன் கிட்டே வந்ததாகக் கணக்கே இல்லை.

வெயில் காற்றை நேராகச் சூடாக்குவது குறைவு. அது முதலில் தரையைச் சூடாக்குகிறது, தரை தன்மேல் இருக்கும் காற்றைச் சூடாக்குகிறது. அதாவது அடுப்பு நம் காலடியில் இருக்கிறது. சூடான காற்று மேலே ஏறும். மேலே அழுத்தம் குறைவு, அதனால் காற்று விரியும். விரியும்போது குளிரும். சராசரியாக ஒரு கிலோமீட்டர் ஏறினால் 6.5 டிகிரி குறையும். ஊட்டிக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள், 14 டிகிரி வரும்.

மேகம் தண்ணிதானே, அப்போ ஏன் கீழ விழாம நிக்குது?

ஏறுகிற காற்று குளிர்கிறது என்று இப்போது பார்த்தோம். குளிர்ந்த காற்று ஈரத்தை விடும் என்று சொம்புக் கேள்வியில் பார்த்தோம். இரண்டையும் சேர்த்தால் மேகம். மேலே சொம்பு இல்லாததால், நீராவி தூசியின் மேலும் கடல் உப்புத் துகளின் மேலும் ஒட்டித் துளியாகிறது.

ஒரு மேகத் துளியின் குறுக்களவு ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்குதான். அது விழுந்துகொண்டுதான் இருக்கிறது, ஆனால் நொடிக்கு ஒரு சென்டிமீட்டர் வேகத்தில். கீழிருந்து ஏறும் காற்று அதைவிட வேகமாகத் தூக்குகிறது. இப்படிப் பத்து லட்சம் துளிகள் ஒன்று சேர்ந்தால்தான் நம் மூக்கில் விழுகிற ஒரு மழைத்துளி. அந்தக் கனத்தைக் காற்றால் தாங்க முடியாது, அதுதான் மழை.

நியூஸ்ல 10 சென்டிமீட்டர் மழைன்றாங்க. மழையை எப்படி ஸ்கேல் வச்சு அளப்பாங்க?

ஸ்கேல் வைத்துத்தான். விழுந்த மழை ஓடாமல், தரைக்குள் இறங்காமல், ஆவியாகாமல் அப்படியே நின்றால் எவ்வளவு உயரம் நிற்கும் என்பதே அந்த எண். வீட்டில் அளக்க வேண்டுமானால் வாயும் அடியும் ஒரே அகலமுள்ள பாத்திரம் வேண்டும். எவர்சில்வர் டப்பா சரியாக இருக்கும். பக்கெட் வேண்டாம். அதன் வாய் அகலம், அடி குறுகல், அதனால் உயரம் கூடுதலாகக் காட்டும். டப்பாவை மொட்டை மாடி நடுவில், சுவரோ மரமோ மறைக்காத இடத்தில், கவிழாதபடி இரண்டு செங்கல்லுக்கு நடுவே வையுங்கள். வானிலைத் துறை காலை 8.30 மணிக்கு, முந்தைய 24 மணி நேர மழையை அளக்கும். நீங்களும் அதே நேரத்தில் பாருங்கள்.

இப்போது அந்த எண்ணுக்கு எவ்வளவு தண்ணீர் என்று பார்ப்போம். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு லிட்டர். எங்கள் மாடி 20 அடிக்கு 30 அடி, ஏறக்குறைய 56 சதுர மீட்டர். 10 சென்டிமீட்டர் பெய்தால் 5,600 லிட்டர். பிளாஸ்டிக் குடம் ஒன்று 15 லிட்டர் பிடிக்கும் என்றால் 370 குடத்துக்கு மேல்! லாரித் தண்ணீருக்கு வரிசையில் நின்ற தெருவில், ஒரே ராத்திரியில், ஒரு மாடியில் மட்டும். 2015 டிசம்பர் 1 அன்று தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் பதிவானது. அதற்கு எத்தனை குடம் என்று நீங்களே போடுங்கள்.

மழை நின்னு ரெண்டு நாள் ஆகியும் எங்க தெருவுல தண்ணி ஏன் வடியல?

வியாசர்பாடிப் பிள்ளைகள் கேட்பது. நம் பக்கம் தரை தட்டையானது, கடல் மட்டத்தைவிட அதிக உயரமும் இல்லை. தண்ணீர் ஓடச் சரிவு வேண்டும். கால்வாயில் குப்பையும் வண்டலும் சேர்ந்தால் இருக்கிற சரிவும் போய்விடும். அப்புறம் கடைசியில் தண்ணீர் சேர வேண்டியது கடலில். எண்ணூர் முகத்துவாரத்தில் ஓதம் (கடல் நீர் மட்டம்) ஏறியிருக்கும் நேரத்தில், தெருத் தண்ணீரைக் கடல் வாங்காது, தள்ளும். புயல் நேரத்தில் கிழக்கிலிருந்து அடிக்கும் காற்று கடல் மட்டத்தை இன்னும் உயர்த்திவிடும். மழை நின்றாலும் கடல் இறங்கும்வரை தெரு காத்திருக்க வேண்டியதுதான்.

மத்தியானம் கடல் காத்து வருது, விடியக்காலைல மட்டும் கரையிலேருந்து காத்து போகுதே, ஏன்?

தரை சீக்கிரம் சுடும், சீக்கிரம் ஆறும். கடல் இரண்டுக்கும் நேரம் எடுக்கும். மணலில் மத்தியானம் வெறுங்காலோடு ஓடி, அலையில் காலை வைத்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். பகலில் தரையின் மேல் சூடான காற்று ஏறுகிறது. அங்கே அழுத்தம் குறைகிறது. அந்த இடத்தை நிரப்பக் கடல் மேலிருந்து குளிர்ந்த காற்று வருகிறது. இரவில் தரை ஆறிவிடும், கடல் அப்படியே இருக்கும். அப்போது காற்று கரையிலிருந்து கடலுக்குப் போகும்.

உங்கள் தாத்தாக்கள் இஞ்சின் இல்லாத கட்டுமரத்தில் போனவர்கள். விடியும் முன் கரைக்காற்றில் பாயை விரித்துப் போய், மத்தியானம் கடல் காற்றில் திரும்பினார்கள். பாடப்புத்தகத்தில் அரைப் பக்கம் வருகிற படத்தை அவர்கள் தினமும் இரண்டு தடவை வாழ்ந்து பார்த்தவர்கள். காற்றுக்கு அவர்கள் பெயரும் வைத்திருந்தார்கள்: வடக்கே இருந்து வந்தால் வாடை, கிழக்கே கொண்டல், தெற்கே தென்றல், மேற்கே கோடை. இந்த நான்கையும் தேர்வில் கேட்க மாட்டார்கள், ஆனாலும் நான் மனப்பாடம் செய்ய வைக்கிறேன்.

கடல் காற்று நமக்கு முதலில் வரும், ஆவடிக்கு லேட்டாகத்தான் போகும். மே கடைசியிலும் ஜூனிலும் மேற்குக் காற்று பலமாக இருந்தால், அது கடல் காற்றை உள்ளே விடாமல் தடுக்கும். அன்றைக்குத்தான் வெயில் கொளுத்தும். 2003 மே கடைசியில் சென்னையில் 45 டிகிரி பதிவானது.

கத்திரி வெயில் மே மாசம்தானே, அப்போதான் சூரியன் நம்ம தலைக்கு நேரா வருதா?

நேர் உச்சிக்கு வருவது அதற்கு முன்பே. சென்னையில் ஏப்ரல் 24 வாக்கிலும் ஆகஸ்ட் 18 வாக்கிலும் நடுப்பகலில் சூரியன் சரியாகத் தலைக்கு மேல் நிற்கும். நட்டு வைத்த குச்சிக்கு நிழலே இருக்காது. அடுத்த ஏப்ரலில் மாடியில் ஒரு பேனாவை நிறுத்திப் பாருங்கள்.

கத்திரி பஞ்சாங்கக் கணக்கு. வானிலைத் துறை அதைக் கணக்கில் எடுப்பதில்லை. ஆனால் அந்த நாட்களில் வெயில் அதிகம் என்பதில் தவறில்லை. உச்சி வேளை 12 மணிக்கு, ஆனால் உச்ச வெப்பம் 2 மணி வாக்கில் வருகிறதல்லவா? தரை சூட்டைச் சேர்த்துக்கொள்ள நேரம் எடுக்கும். வருஷத்துக்கும் அதே கதைதான்.

மதுரையில 39, இங்க 36தான். ஆனா இங்கதான் கசகசன்னு இருக்கு. தெர்மாமீட்டர் தப்பா?

தெர்மாமீட்டர் சரி. வியர்வை ஆவியாகும்போது உடம்பின் சூட்டை எடுத்துக்கொண்டு போகும். அதனால்தான் வியர்க்கிறது. காற்றில் ஏற்கெனவே நீராவி நிறைந்திருந்தால் வியர்வை ஆவியாகாது, உடம்பில் வழியும், சூடு உள்ளேயே தங்கும். கடலோரம் என்பதால் நம் காற்றில் ஈரம் அதிகம். ஈரப்பதம் 80 சதவீதம் என்றால், அந்தச் சூட்டில் காற்றில் இருக்கக்கூடிய நீராவியில் ஐந்தில் நான்கு பங்கு ஏற்கெனவே இருக்கிறது என்று பொருள். இப்படிப்பட்ட நாளில் வெயிலில் கிரிக்கெட் ஆடினால் மயக்கம் வரும். தண்ணீர் குடித்துவிட்டு நாலரைக்கு மேல் ஆடுங்கள்.

கேரளாவுல ஜூன்லயே மழை கொட்டுது. நமக்கு ஏன் தீபாவளிக்கு வருது?

ஜூனில் காற்று அரபிக்கடலிலிருந்து, தென்மேற்கிலிருந்து வருகிறது. மேற்குத் தொடர்ச்சி மலையில் ஏறும்போது குளிர்ந்து, ஈரத்தை அந்தப் பக்கமே கொட்டிவிடுகிறது. நாம் மலைக்கு இந்தப் பக்கம், மழை மறைவுப் பகுதியில். அக்டோபரில் காற்று திசை திரும்பி வடகிழக்கிலிருந்து வருகிறது. வங்காள விரிகுடாவைத் தாண்டும்போது ஈரத்தை வாரிக்கொண்டு நம் கரையில் கொட்டுகிறது. சென்னைக்கு வருஷத்துக்குக் கிடைப்பது ஏறக்குறைய 140 சென்டிமீட்டர். அதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரை.

அப்போ ஜூலை, ஆகஸ்ட் ராத்திரிகளில் இடியோடு வருகிற மழை? பகல் சூட்டில் ஏறிய காற்று, உள்ளே நுழைந்த கடல் காற்று, மேற்குக் காற்று மூன்றும் முட்டிக்கொள்கிற இடத்தில் மேகம் மளமளவென்று வளரும். அதைத்தான் மேற்கே இருந்து கறுத்து வருகிறது என்கிறோம்.

பெரம்பூர்ல கொட்டுது, ராயபுரத்துல ஒரு தூறல் இல்ல. இது எப்படி?

இடிமேகம் ஒன்றின் அகலம் சில கிலோமீட்டர்தான் இருக்கும். பெரம்பூருக்கும் ராயபுரத்துக்கும் உள்ள தூரமும் அவ்வளவுதான். மேகம் உங்களைத் தொடாமல் போய்விட்டது, அவ்வளவே.

மின்னல் முதல்ல, இடி அப்புறம். எவ்வளவு தூரத்துல விழுதுன்னு சொல்ல முடியுமா?

முடியும். இரண்டும் ஒரே நேரத்தில் நடப்பவை. வெளிச்சம் உடனே வந்துவிடும், சத்தம் நொடிக்கு சுமார் 340 மீட்டர்தான் வரும். மின்னல் தெரிந்ததும் எண்ணுங்கள். மூன்று எண்ணினால் ஒரு கிலோமீட்டர். முப்பதுக்குள் இடி கேட்டாலே மாடியை விட்டும் மணலை விட்டும் உள்ளே வந்துவிடுங்கள். திறந்த கடற்கரையில் நிற்கிற பிள்ளைதான் அங்கே உயரமான பொருள்.

தாழ்வுப் பகுதி, தாழ்வு மண்டலம், புயல்... எல்லாம் வேற வேறயா?

எல்லாம் ஒரே குடும்பம், வேகம்தான் வேறு. சூடான கடலின் மேல் (மேல்நீர் 26.5 டிகிரிக்குக் குறையாமல் இருக்க வேண்டும்) ஈரக்காற்று ஏறுகிறது, அழுத்தம் 1013க்குக் கீழே இறங்குகிறது. சுற்றிலும் இருந்து காற்று உள்ளே ஓடி வருகிறது. பூமி சுழல்வதால் நேராக வர முடியாமல் வளைகிறது. நம் வடகோளத்தில் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் சுற்றும். சொம்புக் கேள்வியில் நீராவி துளியானதல்லவா? அப்படி ஆகும்போது அது சூட்டை வெளியே விடும். அந்தச் சூடு காற்றை இன்னும் மேலே ஏற்றும். புயலுக்குச் சாப்பாடு இதுதான். கரை ஏறினால் சாப்பாடு நின்றுவிடும், புயலும் வலுவிழக்கும்.

காற்றின் வேகம் மணிக்கு 31 கிலோமீட்டரைத் தொடாதவரை தாழ்வுப் பகுதி, தொட்டால் தாழ்வு மண்டலம், 50 என்றால் ஆழ்ந்த தாழ்வு மண்டலம், 62 என்றால் புயல். புயலானால்தான் பெயர். பெயர்களை 13 நாடுகள் கொடுத்திருக்கின்றன. மிக்ஜாம் மியான்மர் கொடுத்தது, நிவர் ஈரான் கொடுத்தது. இந்தியா கொடுத்த பட்டியலில் ‘முரசு’ என்று ஒரு தமிழ்ப் பெயரும் இருக்கிறது.

துறைமுகத்துல மூணாம் நம்பர் கூண்டு ஏத்திட்டாங்கன்றாங்களே, அது என்ன?

கப்பல்களுக்கும் படகுகளுக்கும் தூரத்திலிருந்தே தெரிகிற எச்சரிக்கை. பகலில் கூம்பு, உருளை வடிவச் சின்னங்கள். இரவில் சிவப்பு, வெள்ளை விளக்குகள். 1, 2 என்றால் புயல் சின்னம் தூரத்தில் இருக்கிறது. 3, 4 என்றால் நம் துறைமுகத்தையே காற்று தாக்கலாம். 5 முதல் 7 வரை ஆபத்து, 8 முதல் 10 வரை பெரும் ஆபத்து. 10 என்றால் கடும் புயல் துறைமுகத்தின் மேலேயோ மிக அருகிலோ கடக்கும். 11 என்றால் வானிலை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது என்று பொருள். பிள்ளைகள் 11தான் பெரிய புயல் என்று எழுதிவிடுகிறார்கள். கவனம்.

புயல் நடுவுல காத்தே இருக்காதாமே, நெஜமா?

நிஜம். 2016 டிசம்பர் 12, வர்தா. காலையிலிருந்து காற்று எங்கள் வடக்கு ஜன்னலை அடித்துக்கொண்டிருந்தது. கொக்கி தாங்காமல் ஒரு நைலான் கயிற்றால் கம்பியோடு கட்டியிருந்தேன். மத்தியானத்துக்கு மேல் திடீரென்று அடங்கியது. கயிறு தொய்ந்து தொங்கியது. எதிர்வீட்டு மாமா, தெருவில் கிடந்த தன் தகர ஷீட்டை எடுக்க இறங்கினார். நான் மாடியிலிருந்து கத்தினேன், “மாமா, உள்ள போங்க, இன்னும் பாதி இருக்கு!” அவர் ஷீட்டைப் போட்டுவிட்டு ஓடினார். அப்புறம் வந்த காற்று வடக்கு ஜன்னலைத் தொடவே இல்லை, தெற்குக் கதவைத் தள்ளியது.

காரணம் தாழ்வு மண்டலக் கேள்வியின் பதிலில் இருக்கிறது. காற்று கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் சுற்றுகிறது. கடலிலிருந்து புயல் நம்மை நோக்கி வரும்போது அதன் முன்பக்கக் காற்று வடக்கிலிருந்து அடிக்கும். மையம் தாண்டியதும் பின்பக்கக் காற்று தெற்கிலிருந்து அடிக்கும். அதனால் ‘அடங்கிடுச்சு’ என்று யாரும் வெளியே போகக் கூடாது. இதை வீட்டில் உள்ள பெரியவர்களுக்கும் சொல்லுங்கள்.

ரெட் அலர்ட்னு லீவு விட்டாங்க. அன்னைக்கு மழையே வரல. பொய் சொல்றாங்களா?

2024 அக்டோபர் 16ஐ வைத்துத்தான் எல்லோரும் கேட்கிறார்கள். அலர்ட் என்பது நடக்கப்போவதன் வாக்குமூலம் இல்லை, நடக்க வாய்ப்பிருப்பதற்குத் தயாராகுங்கள் என்ற அறிவிப்பு. சிவப்பு என்றால் 20 சென்டிமீட்டருக்கு மேல் பெய்யும் வாய்ப்பு. பெரம்பூர், ராயபுரம் கதையை நினையுங்கள். கடலில் இருக்கிற தாழ்வு மண்டலம் கொஞ்சம் வடக்கே நகர்ந்தால் நம் மழை ஆந்திராவில் பெய்துவிடும். மழை வராத ரெட் அலர்ட்டால் ஒரு நாள் பாடம் போகும். அலர்ட் இல்லாமல் வந்த மழையால் என்ன போகும் என்று இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்குத் தெரியும்.

போகி அன்னைக்குக் காலைல மட்டும் புகை ஏன் மேல போகவே மாட்டேங்குது? மணலி பக்கம் தை மாசமெல்லாம் அப்படித்தான் இருக்கு.

மேலே போகப் போகக் குளிரும் என்று ஊட்டிக் கேள்வியில் சொன்னேன். இது அதற்கு விதிவிலக்கு. ஜனவரியில் மேகம் இல்லாத, காற்று அசையாத இரவில் தரை வேகமாக ஆறும். தரையை ஒட்டிய காற்று குளிர்ந்துவிடும், அதற்கு மேலே இருப்பது கொஞ்சம் சூடாக இருக்கும். தலைகீழ் வெப்பநிலை என்பார்கள். புகை ஏற வேண்டுமானால் சுற்றியுள்ள காற்றைவிடச் சூடாக இருக்க வேண்டும். மேலே சூடான அடுக்கு மூடி போட்டதுபோல் இருப்பதால், ஆறிய புகை அதற்குக் கீழேயே பரவி நிற்கும். வெயில் ஏறித் தரை சூடானதும் மூடி திறந்துகொள்ளும். டயரும் பிளாஸ்டிக்கும் அந்த மூடிக்குள் எரிந்தால் அதைச் சுவாசிப்பது நாம்தான். தயவுசெய்து எரிக்காதீர்கள்.

எங்கப்பா மானத்தைப் பாத்தே சொல்லிடுவாரு. அப்புறம் எதுக்கு ரேடாரு?

அப்பா சொல்வதை நான் மதிக்கிறேன். மேகத்தின் நிறம், அலையின் போக்கு, காற்று திரும்புகிற விதம் எல்லாவற்றையும் படித்தவர் அவர். ஆனால் கரையில் நிற்பவர் கண்ணுக்குக் கடல் விளிம்பு ஐந்து கிலோமீட்டருக்குள்தான். ராஜாஜி சாலையில் துறைமுகக் கட்டடத்தின் உச்சியில் இருக்கும் டாப்ளர் ரேடார், 2002இல் நிறுவியது, சில நூறு கிலோமீட்டர் தூரத்து மழைத்துளியில் பட்டுத் திரும்பும் அலையைப் படிக்கிறது. கொருக்குப்பேட்டை கேட்டில் ரயில் நெருங்கும்போது ஹாரன் கீச்சென்று இருக்கும், தாண்டியதும் சத்தம் தடித்துவிடும், கவனித்திருக்கிறீர்களா? அதே முறையில், துளிகள் நம்மை நோக்கி வருகின்றனவா விலகிப் போகின்றனவா என்றும் அது சொல்லும்.

2017 நவம்பர் கடைசியில் ஒக்கி வந்தபோது, கன்னியாகுமரிப் பக்கத்து மீனவர்கள் பலர் ஏற்கெனவே ஆழ்கடலில் இருந்தார்கள். தாழ்வு மண்டலம் மிகக் குறைந்த நேரத்தில் புயலாகிவிட்டது. கிளம்பும்போது அவர்கள் பார்த்த வானத்தில் அது இல்லை. அதனால் மீனவர் எச்சரிக்கையில் ‘மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர் வேகத்தில் காற்று, இடையிடையே 65’ என்று வந்தால், கரையில் வானம் தெளிவாக இருந்தாலும் அதை அப்பாவுக்குச் சத்தமாக வாசித்துக் காட்டுங்கள். எந்தக் கடற்பகுதி, எந்தத் தேதி வரை என்பதையும் சேர்த்து வாசியுங்கள்.